வெயில் தாழ

வானூர்ப் பக்கம் சித்திரை பிறந்துவிட்டால் வீட்டுக்கு வந்தவரை நடுப்பகலில் வழியனுப்ப மாட்டார்கள். “இருங்க, வெயில் தாழப் போகலாம்” என்று திண்ணையில் உட்காரவைத்துவிடுவார்கள். மோர் வரும், ஊர்ப்பேச்சு வரும், நாலு நாலரைக்கு மேல்தான் செருப்பைத் தேட விடுவார்கள். இதில் விருந்தோம்பல் பாதி, இயற்பியல் பாதி. விருந்தோம்பலைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் இயற்பியலைப் பார்ப்போம்.

ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் நம் கைப்பேசிக்கு ஓர் அறிவுரை வந்து சேர்கிறது: பருவம் மாறிவிட்டது, வெளியே வாருங்கள், நடங்கள், சைக்கிள் மிதியுங்கள், தோட்டத்தைக் கொத்துங்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த லண்டன்காரருக்கு இது நல்ல வார்த்தை. அவருக்குக் கிடைக்கும் வெயில் 18 டிகிரி. நமக்கோ வெளியே திரிய வாகான பருவம் மார்கழியும் தையும். அதே ஏப்ரலில் நம் மாவட்ட நிர்வாகம் நேர் எதிராகச் சொல்கிறது: உச்சிவேளையில் வெளியே வராதீர்கள்.

இரண்டிலும் பிழையில்லை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் படிக்கிற வானூர்க்காரர் என்ன முடிவுக்கு வருவார்? ஆடி மழை வரும்வரை உட்கார்ந்தே இருப்போம் என்றுதான். அது உடம்புக்கு நல்லதல்ல. ஏன் நல்லதல்ல என்பதும், வெயில் காலத்தில் வெளியே எப்போது, எங்கே, எவ்வளவு என்பதும்தான் இந்த அத்தியாயம்.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிடக்கிறது வானூர் வட்டம். செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, பனை, மல்லாட்டைக் கொல்லை, திருவக்கரைக் கல்குவாரி, தெற்கே ஊசுடு ஏரி, வடக்கே கழுவெளி. இங்கே வெயிலோடு உறவுள்ளவர்கள் இரண்டு வகை. கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிறவரும், தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்குகிறவரும், ஏரி வேலைக்குப் போகிற பெண்களும் வேண்டாம் என்றாலும் வெயிலில்தான் இருந்தாக வேண்டும். இன்னொரு வகை, காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், ஏசிக்கு அடியில் உட்கார்ந்து, இருட்டியபின் திரும்பி, தெருமுனை டீக்கடைக்கும் வண்டியையே உதைக்கிற வகை. முதல் வகைக்கு வெயில் அளவு மீறிப்போகிறது. இரண்டாம் வகைக்கு வெயிலே படுவதில்லை. ஒரே அறிவுரை இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

முதலில் உடம்பின் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவர் உடம்பு சுமார் 70 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 240 வாட் பக்கம் போகும். மண்வெட்டி பிடித்தால் 400-ஐத் தாண்டும். தசை, தான் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு அளவுதான் வேலையாக மாற்றுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வையுங்கள். ஒரு மணி நேர நடையில் உடம்பின் வெப்பநிலை 4 டிகிரி ஏறிவிடும். 37-இல் கிளம்பியவர் 41-இல் நிற்பார். நிற்க மாட்டார், விழுந்துவிடுவார்.

விழாமல் காப்பது தோல். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை 35 டிகிரி பக்கம் இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடம்பின் வெப்பம் தானாகவே காற்றுக்குப் போகும். காற்று 35-ஐத் தாண்டியதும் போக்குவரத்து தலைகீழாகிறது. காற்றிலிருந்து வெப்பம் நம்மேல் ஏறத் தொடங்குகிறது. அப்போது மிஞ்சியிருக்கும் ஒரே வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை தோலின்மேல் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நடக்கிறவரின் 240 வாட்டைச் சமாளிக்க மணிக்கு 350 மில்லி வேர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வேர்வையால் தரைக்குத்தான் குளிர்ச்சி.

இதைக் கண்டறிந்த கதை விசித்திரமானது. 1774-இல் லண்டனில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் சில அறைகளைக் கடுமையாகச் சூடாக்கி நண்பர்களை உள்ளே அழைத்தார். சார்லஸ் பிளாக்டன் என்பவர் போனார். கேப்டன் குக்கோடு உலகம் சுற்றிவந்த ஜோசப் பேங்க்ஸும் சொலாண்டரும் போனார்கள். பின்னர் நடந்த சோதனையில் அறையின் சூடு 120 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. உள்ளே வைத்த முட்டை கெட்டியாக வெந்தது, மாட்டிறைச்சித் துண்டு வெந்தது. அதே அறையில் நின்ற மனிதர்களும், கால் சுடாதிருக்கக் கூடையில் வைத்துக் கொண்டுபோன நாயும் சில நிமிடங்கள் கழித்து நலமாக வெளியே வந்தார்கள். பிளாக்டன் இன்னொன்றும் பார்த்தார். அறையில் வைத்த தண்ணீர் கொதிக்கவில்லை. அதன்மேல் கொஞ்சம் எண்ணெயை மிதக்கவிட்டதும் கொதித்தது. எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுத்தது, அவ்வளவுதான். மறு ஆண்டு ராயல் சொசைட்டியின் இதழில் இதையெல்லாம் எழுதினார். வெயில் காலத்து மனித உடம்பு என்பது ஏறக்குறைய நம் வீட்டு மண்பானைதான் என்று லண்டன் அன்று தெரிந்துகொண்டது.

மண்பானைக்கு ஒரு குணம் உண்டு. வறண்ட காற்றில் தண்ணீரைச் சில்லென்று ஆக்கும். புழுக்கமான நாளில் வெளிப்புறம் நனைந்தபடியே இருக்கும், உள்ளே தண்ணீர் குளிராது. நமக்கும் அதே விதி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை போக இடமில்லை. ஆகவே வெயிலின் கொடுமையை அளக்க வெறும் வெப்பமானி போதாது. 1950-களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெயிலடித்து விழுந்தவர்களைப் பார்த்தபின் யாக்லூ, மினார்ட் என்ற இருவர் 1957-இல் ஓர் அளவைத் தந்தார்கள். டபிள்யூ.பி.ஜி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அது மூன்று வெப்பமானிகளின் கூட்டு. ஈரக்குமிழ் எனப்படும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 100-க்கு 70 பங்கு. வெயிலை வாங்கிக்கொள்ளும் கறுப்பு உருண்டைக்குள் வைத்ததற்கு 20 பங்கு. சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 பங்கு.

அதாவது தொலைக்காட்சியில் ‘இன்று 38 டிகிரி’ என்று சிவப்பு எழுத்தில் ஓடுகிறதே, அதற்கு உடம்பின் பார்வையில் பத்தில் ஒரு பங்கு எடைதான். ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். மே மாதப் பகல், காற்றின் வெப்பம் 38. வெட்டவெளியில் ஈரக்குமிழ் 28, கறுப்பு உருண்டை 50 காட்டுகிறது என்றால் டபிள்யூ.பி.ஜி.டி. 33.4 வரும். பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் காற்றின் வெப்பம் அதே 38-தான். ஆனால் கறுப்பு உருண்டை 39-க்கும் ஈரக்குமிழ் 26-க்கும் இறங்கினால் விடை 29.8. சாதாரண வெப்பமானிக்கு இரண்டு இடமும் ஒன்று. உடம்புக்கு ஓரிடம் ஆபத்து, ஓரிடம் சமாளிக்கக்கூடியது. வெப்பத்துக்குப் பழகியவர்கள் நடுத்தர உழைப்பை இடைவிடாமல் செய்ய 28 வரை போகலாம் என்பது பன்னாட்டுத் தர அளவு. ஆகவே மரத்தடியிலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடையிடையே உட்காரத்தான் வேண்டும்.

வானூரின் வெயிலை வானூரின் வெயிலாக்குவது கடல். மே மாதப் பகல் இங்கே இரண்டு காற்றுகளின் இழுபறி. காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று. நிலம் காயக் காய அதன்மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கிளம்புகிறது. நண்பகலை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ புதுச்சேரிக் கரையில் ஏறி, வானூரைத் தொட்டு, திண்டிவனம் பக்கம் போகும்போது பொழுது சாய்ந்திருக்கும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று கரையிலேயே மல்லுக்கட்டி நிற்கும், உள்ளே வரத் தாமதமாகும். வெயில் கொளுத்திவிட்டது என்று எல்லோரும் சொல்வது அப்படிப்பட்ட நாளைத்தான்.

கடற்காற்று வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் உள்ள காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை 26-ஐ ஒட்டி இருக்கும். 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 28-ஐத் தாண்டும். காற்றின் வேகம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது காற்றில் வேர்வை ஆவியாகும் திறன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதனால்தான் மாலையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் மாலையில் தலைக்குமேல் சூரியன் இல்லை, காற்று தோலைவிடக் குளிர்ந்திருக்கிறது, வீசுகிறது. கூட்டிக் கழித்தால் மாலைக்கே லாபம். அகத்திணை வகுத்தவர்கள் நண்பகலைப் பாலைக்கும், எற்பாடு என்னும் சாயும் பொழுதை நெய்தலுக்கும் கொடுத்தார்கள். கடற்காற்று ஊருக்குள் நுழையும் நேரத்தை உடம்பால் அறிந்தவர்கள் போட்ட பங்கீடு அது என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. தமிழாசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி, இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த செய்திக்கு வருகிறேன்: வெயிலை உடம்பு கற்றுக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் ஆழம் போகப் போக வெப்பமும் ஈரமும் ஏறிக்கொண்டே போயின. 1920-களில் சுரங்கத்துக்குள் வெயிலடித்தவர்களைப் போலத் தொழிலாளர்கள் விழுந்து செத்தார்கள். 1930-களில் ட்ரியோஸ்டி என்ற மருத்துவர், புதிதாக வேலைக்கு வந்தவர்களைச் சூடான, ஈரமான அறையில் உழைக்கவைத்து உடல் வெப்பநிலையை அளந்து, யார் தாங்குவார், யார் தாங்க மாட்டார் என்று பிரித்தார். நாளடைவில் அந்த அறைகளே பழக்கும் கூடங்களாயின; சில நாள் அங்கே உழைத்து உடம்பைப் பழக்கிய பிறகே கீழே இறக்கினார்கள். சுரங்க முதலாளிகளிடம் இருந்தது கருணையல்ல, செத்துப்போகும் கூலியாளுக்கு ஆன செலவுக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து உடலியல் நிறையத் தெரிந்துகொண்டது.

ஒருவர் தினமும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சூட்டில் உழைத்தால் முதல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப வேண்டிய இதயத்துக்கு அது பெரிய உதவி; முதல் நாள் படபடத்த நெஞ்சு அதே வேலைக்கு ஐந்தாம் நாள் நிதானமாகத் துடிக்கிறது. அடுத்து வேர்வைச் சுரப்பிகள் மாறுகின்றன. முன்பைவிடச் சீக்கிரம் வேர்க்கிறது, அதிகம் வேர்க்கிறது. அந்த வேர்வையில் உப்பு குறைந்திருக்கிறது, ஏனென்றால் சுரப்பியின் குழாய் உப்பை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் பாடம் முடிந்துவிடும். படிப்பை விட்டால் மறந்தும்போகும். இரண்டு மூன்று வாரம் ஏசியிலேயே இருந்தால் பெரும்பகுதி போய்விடும்.

இதிலிருந்து நேராக வரும் யோசனை: கத்திரி தொடங்கியபின் நடைப்பயிற்சியைத் தொடங்காதீர்கள், மாசி பங்குனியிலேயே தொடங்குங்கள். வெயில் ஒவ்வொரு டிகிரியாக ஏறும்போது உடம்பும் கூடவே ஏறும். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்புத் துறை, வெப்பத்தால் இறந்த தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே இறந்தவர்கள் என்று சொல்கிறது. ஆகவே அவர்களது விதி, புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம், பிறகு நாளொன்றுக்கு 20 சதவீதம் கூட்டு. விடுமுறைக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து, வந்த அன்றே பகலில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சரி, உட்கார்ந்தே இருந்தால் என்ன கெட்டுவிடும்? 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடிப் பேருந்துகளை வைத்து ஒரு பதில் சொன்னார். ஓட்டுநர் உட்கார்ந்தே இருந்தார், நடத்துநர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினார். இருவருக்கும் ஊரும் தெருவும் புகையும் ஒன்று. மாரடைப்பு நடத்துநர்களுக்குத் தெளிவாகவே குறைவு. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இதைத் திருத்தியிருக்கின்றன, நுணுக்கமாக்கியிருக்கின்றன, கவிழ்க்கவில்லை. இந்தியாவில் 2022 நிலவரப்படி வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உடலுழைப்பு போதவில்லை என்று 2024-இல் லான்செட் குழும இதழ் கணக்குக் காட்டியது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட நடுத்தர உழைப்பு, அவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய சான்றும் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் உணவு மாற்றமும் கைக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்குக் கிடைத்த பலன் 26.4. தசை சுருங்கும்போது இன்சுலினின் அனுமதி கேட்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதே இதற்கு அடிப்படை. சாப்பிட்டபின் கால்மணி நேரம் தெருவில் நடந்தால் போதும், அந்த வேளைச் சோற்றின் சர்க்கரை ஏற்றம் தணியும். கத்திரி வெயில் காலத்தில் இதற்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்திய தெருவைவிட நல்ல இடம் கிடையாது. வெளிச்சம் வேண்டும், நாய்த் தொல்லை இருக்கக் கூடாது என்பதெல்லாம் ஊராட்சிக்கு வைக்க வேண்டிய கோரிக்கை.

நேரம் பார்ப்பதற்குக் கைக்கடிகாரத்தைவிட நிழல் நல்ல கருவி. வானூர் பூமத்தியக் கோட்டுக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 21, 22 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று 12 மணி 10 நிமிடம் வாக்கில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இராது. ஆகஸ்ட்டில் மீண்டும் ஒருமுறை அப்படி நடக்கும். அந்த நாட்களில் காலை 9 மணி 10 நிமிடம் வாக்கில் உங்கள் நிழலும் நீங்களும் ஒரே நீளம். அதற்குப் பிறகு பிற்பகல் 3 மணி 10 நிமிடம் வரை நிழல் உங்களைவிடக் குட்டை. நிழல் குட்டையாக இருக்கும்வரை வேலையும் நடையும் நிழலுக்குள், நிழல் நீண்டபின் வெளியே. இந்த ஒரு விதியைக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

இங்கே வைட்டமின் டி குறுக்கிடுகிறது. காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது ஓசோன் படலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்து பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வில் பகல் 11 முதல் 2 வரைதான் தோலில் அது நன்றாக உருவாகும் என்று கண்டார்கள். வெயிலுக்கு ஒளிய வேண்டிய அதே நேரம்! பயப்பட வேண்டாம், இதற்கு நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. மாடியில் துணி காயப்போட்டு எடுக்கிற நேரம், கடைக்குப் போய்வருகிற நேரம் நாள்தோறும் சேர்ந்தாலே நம் அட்சரேகையில் ஆண்டு முழுக்கப் பலன் உண்டு. இளவெயில் நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. வைட்டமின் டி அதன் கணக்கில் வராது.

நிழலிலும் தரம் உண்டு. தகரக் கொட்டகைக்கு அடியில் நின்றிருப்பவருக்கு இது தெரியும். மே வெயிலில் தகடு 60 டிகிரி வரை சூடேறி, அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக நம் தலைமேல் கொட்டிக்கொண்டே இருக்கும். மரத்தின் இலை, தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்வதால் காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஓர் அடுக்கு இலை கொஞ்சம் சூடானாலும் அதற்குக் கீழே இன்னும் பத்து அடுக்கு உண்டு. 

இந்த வித்தியாசத்தை நடந்தே பார்க்க வானூர் வட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்துக் குடைந்த வெறும் செம்மண். வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து ஆட்களும் கரை கட்டி, மழைநீரைத் தேக்கி, இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடிப்பிடித்து இலட்சக்கணக்கில் நட்டார்கள். ஆரோவிலின் தத்துவத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். அதன் மரங்களுக்கடியில் மண்பாதையில் சைக்கிள் விட்டுவிட்டு அடுத்த நிமிடம் திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஏறுகிறவருக்குக் கறுப்பு உருண்டை வெப்பமானியை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாமோ சாலையை அகலப்படுத்தும்போது முதல் வேலையாகப் புளியமரத்தை வெட்டுகிறோம், பிறகு மக்கள் நடப்பதில்லை என்று கவலைப்படுகிறோம்.

சைக்கிளுக்கு வெயிலில் ஒரு தனிச் சலுகை உண்டு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். வேர்வை உடனுக்குடன் ஆவியாகிறது, நடப்பவரைவிடக் குளிர்ச்சியாக உணர்கிறார். நிறுத்தியதும்தான் குபீரென்று வேர்க்கும். ஆகவே போய்ச் சேர்ந்ததும் உச்சிவெயிலில் நின்று பேசாமல் நிழலில் ஒதுங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் பல வீடுகளில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மே மாதக் காலை ஐந்தே முக்காலுக்குப் பொழுது விடிகிறது. அதிலிருந்து இரண்டு மணி நேரம் அந்த சைக்கிளுக்கு உரிய நேரம்.

குடிக்கும் விஷயத்தில் நம் ஊர் வழக்கத்தை மிஞ்ச எந்த விளம்பரப் பானமும் தேவையில்லை. வேர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, சோடியமும்தான். மணிக்கணக்கில் வேர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைச்சுற்றலும் வாந்தியும் வரலாம். உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழ், மோர், நீராகாரம் மூன்றிலும் தண்ணீர், உப்பு, கொஞ்சம் மாவுச்சத்தோ பால்சர்க்கரையோ என மூன்றும் இருக்கின்றன. அரை மணி நேரம் மட்டும் நடக்கிறவருக்கு வெறும் தண்ணீரே போதும். இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைக் கூட்டிக்கொள்ள இதைச் சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரையும் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் வெயில் காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். முதியவர்களுக்குத் தாகமே பிந்தித்தான் தெரியும்.

தலைவலி, குமட்டல், சதைப்பிடிப்பு, தள்ளாட்டம் இவை நிறுத்து என்பதற்கு அடையாளம். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்ளக் கூடியவருக்கு. முதல் வகைக்காரரிடம் போய் ‘நிழல் நீண்டபின் வாருங்கள்’ என்று சொல்ல முடியுமா? அவருக்கு இது நமக்கு முன்பே தெரியும். மரக்காணம் உப்பளத்தில் விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் வெயில் ஏறியபின் வெள்ளை உப்பு அதைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். பனையேறி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார். நேரத்தை அவர்களே வைத்துக்கொள்ள முடிகிறவரை அவர்கள் சமாளிக்கிறார்கள். முடியாதபோது என்ன ஆகிறது என்பதற்கும் அளவீடு இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 10-க்கு 9 பேர் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடே குறைந்திருந்தது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல அறிவிப்பு, ஆனால் அது இறந்தபின் வருவது. இருக்கும்போதே செய்யக்கூடியது நேர மாற்றம். கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வெயில் காலத்தில் பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலையை நிறுத்திவைக்கிறது. விழுப்புரம் மாவட்டம் 2006-இல் நூறு நாள் வேலைத் திட்டம் முதற்கட்டமாக வந்த மாவட்டங்களில் ஒன்று. அந்த வேலையில் பெரும்பாலோர் பெண்கள், வேலை பெரும்பாலும் ஏரியிலும் வாய்க்காலிலும். 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவுக்குக் கைப்பேசிச் செயலி கட்டாயமாயிற்று: காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். விடியலில் தொடங்கிப் பதினொரு மணிக்கெல்லாம் பங்கு வேலையை முடித்துவிட்டாலும் இரண்டாவது படத்துக்காக ஏரிக்கரையில் இருந்தாக வேண்டியதாயிற்று. செயலியை எழுதியவர்கள் போலி வருகையைத் தடுக்க நினைத்தார்கள். கடற்காற்று வானூருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அவர்கள் யோசித்திருக்க வழியில்லை.

கத்தாரில் 2021-இல் வந்த விதி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெளிவேலையைத் தடுக்கிறது. அதோடு, எந்த மாதமானாலும் எந்த நேரமானாலும் டபிள்யூ.பி.ஜி.டி. 32.1-ஐத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகள் நம் மாவட்டத்துக் கிராமங்களில் நிறைய உண்டு. வானூர் வெட்டவெளிக்கு நாம் மாதிரிக்குப் போட்ட கணக்கில் வந்த விடை 33.4. தோஹாவில் மகனுடைய மேஸ்திரி அந்த எண்ணைப் பார்த்ததும் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஏரியில் அம்மாவின் குழுவிடம் அதை அளக்கும் கருவி கிடையாது; இருந்தாலும் நிறுத்தச் சொல்லும் விதி கிடையாது.